நியூட்ரலில் போட்ட ஸ்விட்ச்

கூடத்தில் பல்பு ஹோல்டர் ஆடிக்கொண்டிருந்தது. எலெக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருந்தேன். வாடகை வீடு, பழைய வயரிங். ஸ்டூலில் ஏறியவர் ஸ்விட்ச்சை அணைக்கச் சொன்னார். அணைத்தேன். விளக்கு அணைந்தது. பல்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்து ஹோல்டரின் முனையில் வைத்தார். டெஸ்டரின் வயிற்றுக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு எரிந்தது.

“சார், ஸ்விட்ச்ச நியூட்ரல்ல போட்டு வெச்சிருக்கான். லைட்டு அணையும், கரண்ட் நிக்காது. மெயினை இறக்கிடுங்க.”

எத்தனை வருடமாக அப்படி இருந்ததோ. எரிய வேண்டியபோது விளக்கு எரிந்தது, அணைய வேண்டியபோது அணைந்தது. வீட்டில் யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. ஃபேஸில் இருக்கவேண்டிய ஸ்விட்ச் நியூட்ரலில் இருந்தால் கீழே நிற்கிறவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. மேலே ஏறி ஹோல்டரைத் தொடுகிறவனுக்குத்தான் தெரியும்.

அந்தப் பொட்டு அன்று முழுவதும் கண்ணை விட்டுப் போகவில்லை. நானும் ஸ்விட்ச் போட்டுப் பிழைக்கிறவன்தான். மென்பொருள் எழுதுகிறேன். எங்கள் தொழிலில் அதற்கு ஃபீச்சர் ஃப்ளாக் என்று பெயர். ‘அந்த ஃப்ளாக்க ஆஃப் பண்ணிட்டியா?’ என்று ஒரு நாளைக்கு நாலு தடவையாவது யாராவது யாரையாவது கேட்பார்கள். ‘பண்ணிட்டேன்’ என்று பதில் வந்ததும் கேட்டவர் நிம்மதியாக டீ குடிக்கப் போய்விடுவார்.

ஃப்ளாக் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. நிரலுக்கு நடுவே ஒரு கேள்வி: இந்தப் புதிய வசதி இவருக்குத் திறந்திருக்கிறதா? ஆமென்றால் புது வழி, இல்லையென்றால் பழைய வழி. அந்தக் கேள்விக்கான பதிலை நிரலுக்குள் எழுதுவதில்லை. வெளியே ஒரு பட்டியலில் வைத்திருப்போம். பட்டியலில் ஒரு வரியை மாற்றினால் போதும், ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடத்தையை மாற்றிக்கொள்ளும். இதனால் நடந்த மாற்றம் என்னவென்றால், முன்பு ஒன்றாகவே இருந்த இரண்டு காரியங்கள் பிரிந்துவிட்டன. நிரலைக் கொண்டுபோய் சர்வரில் வைப்பது ஒன்று. அதை மனிதர்களுக்குத் திறந்துவிடுவது வேறொன்று. முதலாவதை எவனாவது ஒரு எஞ்சினீயர் செவ்வாய்க்கிழமை மத்தியானம் செய்துவிடலாம். இரண்டாவதை என்றைக்கு, யாருக்கு, எவ்வளவு என்று ஆற அமர யோசிக்கலாம்.

வேதாரண்யம் கோயில் கதவின் கதை இங்கே பொருந்தும். வேதங்கள் பூசித்து அடைத்துவிட்டுப்போன கதவு. ஊரார் வேறு வாசல் வழியாகப் போய்வந்துகொண்டிருந்தார்கள். அப்பர் பதிகம் பாடித் திறந்தார். அதுவும் எளிதாகத் திறக்கவில்லை, பாடிப் பாடி இறைஞ்ச வேண்டியிருந்தது. பிறகு சம்பந்தர் அடைக்கப் பாடினார். முதல் பாட்டிலேயே கதவு அடைத்துக்கொண்டது. தனக்கு அவ்வளவு நேரம் எடுத்ததை எண்ணி அப்பர் வருந்தினார் என்கிறது பெரியபுராணம். பக்தர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் தொழில் புத்திக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு தோன்றவில்லை. திறப்பதற்கு ஒரு பதிகம் முழுக்க, அடைப்பதற்கு ஒரே பாட்டு. ஒரு ஃப்ளாக்கிடம் நாங்கள் கேட்பது அதுதான்.

ஃப்ளாக் போடும் வழக்கம் எங்களிடம் வருவதற்கு முந்தைய காலத்தில்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். சனிக்கிழமை இரவு ரிலீஸ். பீட்சா வரும். அதிகாலை மூன்று மணிக்கு எதையாவது திருப்பி எடுக்க வேண்டியிருக்கும், எதைத் திருப்புவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் திருப்புவோம். அதைப் பற்றி நீட்டி எழுதப் பெருமையாக ஒன்றுமில்லை. 2009 டிசம்பரில், ஃப்ளிக்கர் என்ற படப்பகிர்வுத் தளத்தின் எஞ்சினீயர்கள் தாங்கள் கிளை பிரிக்காமல் ஒரே நிரல்மரத்தில் வேலை செய்வதாகவும், முடியாத வேலைகளையெல்லாம் ஃப்ளாக்குக்குப் பின்னால் மறைத்துவைத்து நாளுக்குப் பலமுறை சர்வரில் ஏற்றுவதாகவும் எழுதினார்கள். அரைகுறைச் சமையலைப் பந்தியில் வைத்து மூடிவைப்பதா என்று அப்போது எனக்குத் தோன்றியது.

ஃபேஸ்புக் அதைவிட ஒரு படி மேலே போயிருந்தது. 2008இல் அரட்டை வசதியைக் கொண்டுவந்தபோது அவர்களுக்கு 7 கோடிப் பயனாளர்கள். ஒரே இரவில் அத்தனை பேரும் பேச ஆரம்பித்தால் சர்வர் தாங்குமா? தெரிந்துகொள்ள ஒரு வழி கண்டார்கள். வசதியைத் திறப்பதற்கு முன்பே, பயனாளர்களின் பக்கங்கள் அரட்டை சர்வர்களோடு சத்தமில்லாமல் இணைந்தன. யார் யார் ஆன்லைனில் இருக்கிறார்கள் என்று விசாரித்தன. செய்தி அனுப்புவதுபோல் பாவனை செய்தன. திரையில் ஒரு பொத்தான்கூடக் கிடையாது. பேசுவதாகத் தெரியாமலே மக்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். இருட்டில் நடக்கும் அறிமுகம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கேட்க அழகாக இருக்கிறது. உங்கள் கணினியை உங்களைக் கேட்காமல் ஒத்திகைக்கு எடுத்துக்கொண்டார்கள் என்றும் சொல்லலாம்.

அந்த இடத்தில்தான் எனக்கு ஒரு முள் இருக்கிறது.

படிப்படியாகத் திறப்பதென்றால் முதலில் யாருக்கோ திறக்க வேண்டும். ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் ஒரு புதிய பதிப்பைக் கட்டம் கட்டமாக வெளியிட்டால் ஏழு நாளில் 1, 2, 5, 10, 20, 50, 100 சதவீதம் என்று போகும். முதல் நாளின் அந்த 1 சதவீதம் யார்? நிலக்கரிச் சுரங்கத்தில் விஷவாயு இருக்கிறதா என்று பார்க்கக் கூண்டில் கேனரிப் பறவையைக் கொண்டுபோவார்கள். பிரிட்டனில் அந்த வழக்கத்தை 1986இல்தான் கைவிட்டார்கள். அதற்குப் பிறகும் கேனரிக்கு வேலை போகவில்லை, எங்களிடம் வந்துவிட்டது. ‘கேனரி ரிலீஸ்’ என்று கூசாமல் சொல்கிறோம். பறவையைக் கேட்டு யாரும் கூண்டில் போட்டதில்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். என் மேலாளர் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இதைச் சொல்லுவார். பானைக்குள் இருப்பது ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே தீ. அதனால் ஒரு சோறு போதும். எங்கள் பானையில் இருந்ததோ சென்னையில் ஃபைபர் இணைப்போடு உட்கார்ந்திருக்கும் ஆடிட்டரும், மின்சாரம் போய்ப்போய் வரும் ஊரில் பழைய கணினியை வைத்துக்கொண்டிருக்கும் கடைக்காரரும். எந்தச் சோற்றை எடுத்து நசுக்குவது?

நான் அப்போது கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்யும் இடத்தில் இருந்தேன். எழுதுகிறவனுக்கும் வாடிக்கையாளர் குரல் கேட்க வேண்டும் என்று வருடத்தில் ஒரு வாரம் எங்களை சப்போர்ட் போனில் உட்காரவைப்பார்கள். அந்த வாரத்தில் ஒருநாள் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவர் கூப்பிட்டார். கோபமில்லை. களைத்துப்போன குரல்.

“தம்பி, எதுத்த கடையிலயும் உங்க சாஃப்ட்வேர்தான் ஓடுது. அவனுக்கு எல்லாப் பொத்தானும் வெச்ச எடத்துல இருக்கு. எனக்கு மட்டும் மாசத்துக்கு ஒரு தடவ எதையாவது மாத்திப்புடுதிய. கடையில ஆள் நிக்கும்போது நான் பொத்தானத் தேடிட்டு இருக்கேன். நான் என்ன தப்பு பண்ணேன்?”

“அப்டேட்டா இருக்கும் அண்ணாச்சி, பாக்குறேன்” என்று வைத்தேன். சும்மா சொல்லவில்லை, பார்க்கவும் செய்தேன். கடைசியாக நாங்கள் வெளியிட்ட ஏழு வசதிகளின் பதிவேட்டைத் திறந்தேன். ஏழிலும் முதல் 1 சதவீதத்தில் அண்ணாச்சி இருந்தார்.

காரணம் ஒரு வரியில் இருந்தது. யாருக்குத் திறப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க முடியாது. குலுக்கினால் காலையில் புதுத் திரையைப் பார்த்தவர் மத்தியானம் பழைய திரையைப் பார்ப்பார். அதனால் வாடிக்கையாளர் எண்ணை ஒரு கணக்கில் போட்டு அரைப்போம். 0 முதல் 99 வரை ஓர் எண் விழும். அதே எண்ணை எத்தனை முறை அரைத்தாலும் அதே விடை. 1 சதவீதம் என்றால் 0 விழுந்தவர்களுக்குத் திறக்கும். 5 என்றால் 0 முதல் 4 வரை. ஏற ஏற முன்னால் வந்தவர்கள் உள்ளேயே இருப்பார்கள். ஒழுங்கான ஏற்பாடுதான். ஆனால் வாடிக்கையாளர் எண்ணோடு ஃப்ளாக்கின் பெயரையும் சேர்த்து அரைக்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு வசதிக்கும் வரிசை புதிதாகக் கலையும். நாங்கள் பெயரைச் சேர்க்கவில்லை. அண்ணாச்சியின் எண்ணை அரைத்தால் என்றைக்கும் 0. இரண்டு வருடமாக எங்கள் எல்லாப் பிழைகளையும் அவர்தான் முதலில் மென்று பார்த்துக்கொண்டிருந்தார், அவரைப்போல இன்னும் சிலநூறு பேரும்.

திருத்தம் பத்து நிமிட வேலை. திருப்பிக் கூப்பிட்டு, “சரி பண்ணியாச்சு அண்ணாச்சி” என்று மட்டும் சொன்னேன். என்ன சரி பண்ணினேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

இவ்வளவும் திறப்பதன் சங்கடங்கள். டெஸ்டரின் பொட்டு காட்டியது வேறு: அணைத்துவைத்தது. அதற்கு நான் அறிந்தவரை பயங்கரமான கதை நியூஜெர்சியில் நடந்தது. நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம். அமெரிக்கப் பங்குச்சந்தைகளின் மொத்த வர்த்தகத்தில் ஏறக்குறைய 10 சதவீதம் அவர்கள் கைவழியாகப் போய்க்கொண்டிருந்தது.

அவர்களுடைய ஆர்டர்களைச் சந்தைக்கு அனுப்பும் மென்பொருளுக்குள் பவர் பெக் என்றொரு பழைய வசதி இருந்தது. 2003இல் அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தினார்களே தவிர, எடுத்துப்போடவில்லை. ஒரு ஃப்ளாக் எழுந்தால் அது விழித்துக்கொள்ளும். யாரும் எழுப்பவில்லை என்பதால் தூங்கிக்கொண்டிருந்தது. பெரிய ஆர்டர் ஒன்று வந்தால் அதைச் சின்னச் சின்ன ஆர்டர்களாக உடைத்து அனுப்பவேண்டும். எவ்வளவு முடிந்தது என்று ஒருபக்கம் எண்ணிக்கொண்டே வந்து, கணக்கு முடிந்ததும் நிறுத்தவேண்டும். 2005இல் யாரோ அந்த எண்ணும் பகுதியை நிரலில் வேறொரு இடத்துக்கு மாற்றினார்கள். பயன்பாட்டிலேயே இல்லாத பவர் பெக் அதற்குப் பிறகு சரியாக நடக்கிறதா என்று யார் சோதிப்பார்கள்? ஆக, தூங்குகிறவனுக்கு இப்போது ‘போதும்’ என்ற சொல் மறந்துபோயிருந்தது. அது யாருக்கும் தெரியாது.

ஏழு வருடம் கழிந்தது. 2012 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் பங்குச்சந்தை சில்லறை முதலீட்டாளர்களுக்காக ஒரு புதிய திட்டத்தைத் தொடங்குவதாக இருந்தது. அதற்காக நைட் புது நிரல் எழுதியது. பவர் பெக்கை நீக்கிவிட்டு, அது வைத்திருந்த அதே ஃப்ளாக்கைப் புது வசதிக்குக் கொடுத்தார்கள். செத்தவர் பெயரைப் பேரனுக்கு வைப்பதுபோல. கிழவர் சாகவில்லை என்பதுதான் சிக்கல்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவர்கள் அவசரப்பட்டு ஒரேயடியாக ஏற்றவில்லை. ஜூலை 27 முதல் சில சர்வர்கள், மறுநாள் சில சர்வர்கள் என்று படிப்படியாகத்தான் ஏற்றினார்கள். மொத்தம் எட்டு சர்வர். ஏழில் ஏற்றினார்கள். எட்டாவது விட்டுப்போயிற்று. இரண்டாவது ஆள் ஒருவர் எண்ணிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எண்ணிப் பார்க்கவேண்டும் என்று எங்கும் எழுதிவைத்திருக்கவில்லை.

காலை 9:30க்குச் சந்தை திறந்தது. ஃப்ளாக் எழுந்தது. ஏழு சர்வர்களில் அதன் பொருள் புதுத் திட்டம். எட்டாவதில் அதன் பொருள் பவர் பெக். பவர் பெக்கிடம் மொத்தம் 212 சிறு ஆர்டர்கள் சிக்கின. அது வாங்கத் தொடங்கியது, விற்கத் தொடங்கியது, நிறுத்தத் தெரியவில்லை. சுமார் 45 நிமிடத்தில் 154 நிறுவனங்களின் பங்குகளில் 40 லட்சம் பரிவர்த்தனைகள். கைமாறிய பங்குகள் 39 கோடியே 70 லட்சத்துக்கும் மேல்.

இதன் நடுவில் நடந்ததுதான் என்னால் மறக்கமுடியாத பகுதி. கோளாறு புதிய நிரலில் இருக்கிறதென்று நினைத்து, அதைச் சரியாக ஏற்றியிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் எடுத்தார்கள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள், நானும்தான். புதியது போனதும் பழையது வெளியே வந்தது. ஃப்ளாக் இன்னும் எழுந்தே நின்றது. இப்போது எட்டு சர்வரிலும் பவர் பெக்.

இழப்பு 46 கோடி டாலருக்கு மேல். அன்று காலை 8 மணியிலிருந்து சந்தை திறப்பதற்குள், பவர் பெக்கின் பெயரைச் சொல்லியே 97 மின்னஞ்சல்களை அவர்களுடைய கணினியே அனுப்பியிருந்தது. அவை எச்சரிக்கை என்று வகுக்கப்பட்டவை அல்ல, யாரும் படிக்கவில்லை. நிறுவனம் வெளியாரின் பணத்தால் சில மாதம் மூச்சுவிட்டது; அடுத்த வருடம் கெட்கோ என்ற போட்டி நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. 2013 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 1 கோடியே 20 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அந்த ஆணையை நான் இரண்டு தடவை முழுக்கப் படித்திருக்கிறேன். சட்ட நடையில் எழுதப்பட்ட ஆவணம் ஒரு பேய்க்கதையாக இருப்பதை வேறெங்கும் பார்த்ததில்லை.

நைட்டின் கதையைச் சொல்லி ஃப்ளாக்கே வேண்டாம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்குப் பதில் 2025இல் வந்தது. ஜூன் 12 அன்று கூகுளின் கிளவுட் சேவை உலகெங்கும் சரிந்தது. ஸ்பாட்டிஃபையில் பாட்டு நின்றதைப் பலர் கவனித்திருப்பார்கள். கோளாறான நிரல் மே 29 அன்றே உள்ளே வந்துவிட்டது. அதையும் மண்டலம் மண்டலமாகப் படிப்படியாகத்தான் பரப்பியிருந்தார்கள். ஆனால் அந்த வழியில் நடக்கவைக்கும் தரவு எதுவும் அப்போது வரவில்லை. நடக்காத வழியில் குழி இருப்பது எப்படித் தெரியும்? ஜூன் 12இல் சில கட்டங்கள் காலியாக இருந்த ஒரு கொள்கைப் பதிவு வந்தது. சில விநாடிகளில் அது உலகம் முழுவதும் பிரதியாகி, எல்லா மண்டலத்திலும் ஒரே சமயத்தில் அந்த நிரலைத் தடுக்கி விழவைத்தது. ஃப்ளாக் போட்டிருந்தால் சோதனைக் கட்டத்திலேயே பிடித்திருப்போம் என்று கூகுளின் அறிக்கையே ஒப்புக்கொள்கிறது. கதவில்லாத வீட்டில் படிப்படியாகக் குடியேறி என்ன பயன்?

ஆகவே ஃப்ளாக் வேண்டும். போடுகிறோம். போட்டுக்கொண்டே இருக்கிறோம். பத்து ஃப்ளாக் இருந்தால் அவை திறந்தும் மூடியும் நிற்கக்கூடிய நிலைகள் 1,024. இருபது இருந்தால் 10,48,576. அத்தனையையும் சோதித்தவர் உலகத்தில் கிடையாது. என் இப்போதைய வேலையிடத்தில் எத்தனை ஃப்ளாக் இருக்கிறதென்று எண்ண ஆரம்பித்து, முந்நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். ஊபர் நிறுவனத்தில் செல்லாத ஃப்ளாக்குகளைத் தேடித் தின்பதற்கென்றே ஒரு கருவி எழுதி, அதற்குக் கடித்துத் தின்னும் பிரானா மீனின் பெயரையே வைத்தார்கள். கருவி எழுதியாக வேண்டிய அளவுக்குச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். சேர்வதற்குக் காரணம் சோம்பல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு ஃப்ளாக்கைப் போடுகிறவனுக்குப் பெயர் கிடைக்கும். வசதி வெளிவரும், கைதட்டுவார்கள். எடுக்கிறவனுக்கு, ஏதாவது ஆனால், வசவு மட்டும் கிடைக்கும். ஒன்றும் ஆகாவிட்டால் அவன் ஒன்றும் செய்யாதது போலத்தான்.

என் பெயரிலும் ஒன்று இருக்கிறது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது, பழைய வாட் பில்லுக்கும் புது பில்லுக்கும் நடுவில் நான் போட்ட ஃப்ளாக். அண்ணாச்சி வாங்கியிருந்த அதே மென்பொருள். ஃப்ளாக்கின் பெயரிலேயே ‘டெம்ப்’ என்று வைத்திருந்தேன், தற்காலிகம் என்று நினைவிருக்கட்டுமென்று. நான் அந்த நிறுவனத்தை விட்டு வந்து வருடங்கள் ஆகின்றன. போன மாதம் அங்கே புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி என்னைத் தேடிப்பிடித்துக் கேட்டாள்: “அண்ணா, இந்த ஃப்ளாக்குல உங்க பேருதான் இருக்கு. எடுத்துடலாமா? அந்தப் பக்கம் இன்னும் 5 சதவீதம், 14.5 சதவீதம்னு வாட் போட்டுட்டு இருக்கு.”

எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் டைப் செய்தேன். பிறகு பழைய பில்களை மறுபடி அச்சடிக்கும் இடம் ஒன்று அந்தப் பக்கத்தை எங்கேயோ கூப்பிடுமே என்று லேசாக ஞாபகம் வந்தது. கூப்பிடுமா, அல்லது நான் கூப்பிடவேண்டும் என்று நினைத்து விட்டுவிட்டேனா? தெரியவில்லை. டைப் செய்ததை அழித்துவிட்டு, “இப்போதைக்கு இருக்கட்டும்மா, பாத்துச் சொல்றேன்” என்று அனுப்பினேன். கட்டைவிரல் போட்டாள்.

எலெக்ட்ரீஷியன் அன்று ஹோல்டரை மாற்றி, அந்த ஒரு ஸ்விட்ச்சையும் ஃபேஸுக்கு மாற்றிக் கொடுத்தார். மெயினை ஏற்றினோம். ஸ்விட்ச்சை அணைத்து டெஸ்டர் வைத்துக் காட்டினார், பொட்டு இல்லை. பையைக் கட்டிக்கொண்டே சுவரில் இருந்த மற்ற போர்டுகளை ஒருமுறை பார்த்தார்.

“மத்ததையும் பாத்துடவா சார்? ஒரே ஆள்தான் போட்டிருப்பான். ஒரு மணி நேரம் ஆவும்.”

மணி ஒன்பதரை. பத்து மணிக்கு எனக்கு ஒரு ரிலீஸ் கூட்டம் இருந்தது. அப்புறம் கூப்பிடுகிறேன் என்றேன்.